நான்கு முழத் தூரம்

ப்ரெய்னாவின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த யூதச் சந்தில் கிடையாது. வீட்டுக்குக் கீழே தரைத்தளத்தில் அவள் இருபத்திரண்டு குழந்தைகளை வைத்துப் பாலர் வகுப்பு நடத்திவந்தாள். எல்லாம் இரண்டும் மூன்றும் வயசான உருப்படிகள். பாதிப் பேர் இன்னும் டயப்பரை முழுசாக விடவில்லை. அறையின் ஒரு மூலையில், அவர்கள் வெளிக்குப் போக உட்காரும் பிளாஸ்டிக் சட்டிகள் நான்கு வரிசையாக இருக்கும். காலை பத்து மணிக்கு ரொட்டி கொடுக்கும்போது எல்லோருமாகச் சேர்ந்து ஆசீர்வாதம் சொல்லியாக வேண்டும். அசுத்தம் கண்ணில் படுகிற இடத்திலோ, நாற்றம் எட்டுகிற இடத்திலோ, அங்கிருந்து நான்கு முழத்துக்குள்ளோ ஆண்டவனின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது சட்டம். ப்ரெய்னா அதைப் புத்தகத்தில் தேடிப் பார்த்ததில்லை. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, மேலே துண்டைப் போட்டு, குழந்தைகளின் நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்ப்பாள். யாராவது ஒருத்தர் டயப்பரில் வெளிக்கு இருந்துவிட்டிருந்தால் பதினைந்து அடி தூரத்திலேயே தெரிந்துவிடும். பெயரைச் சொல்லி, இன்னார் என்று நேராகப் போய்த் தூக்குவாள். பத்தொன்பது வருஷத்தில் ஆள் மாறிப் போனதே இல்லை.

அவள் கணவர் ஃபிஷெலுக்கும் அந்தச் சட்டம் தெரியும். அவருக்கு அது வரி வரியாக, யார் எந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்பது முதற்கொண்டு தெரியும். மதியத்துக்கு மேல் ஒரு மின்சாமான் கடையில் விளக்கும் விசிறியும் விற்பார். காலையில், சந்தின் கோடியில் இருந்த சின்ன ஜெப ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று ஜெபத்தை நடத்துவார். ஓய்வுநாளில் அவர் குரலைக் கேட்பதற்கென்றே மேட்டுத் தெருவிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல் வைப்பார்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் அவர் குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டி முழுசாக வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் பழைய வழியைத் திரும்பத் திறக்க முடியாது. வயிற்றின் இடது பக்கம் சின்னதாக ஒரு திறப்பு வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அதில் வந்து சேரும். நிறைந்தால் காலி செய்ய வேண்டும், சில நாளுக்கு ஒரு தரம் பையை மாற்ற வேண்டும். முதல் பத்து நாள் ப்ரெய்னாதான் மாற்றினாள். பிறகு அவரே கற்றுக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் எடுத்துச் செய்வார்.

உயிர் பிழைத்ததே பெரிசு என்று அவள் இருந்தாள். அவர் சாப்பிட்டார், தூங்கினார், கடைக்கும் போகத் தொடங்கினார். சின்ன ஜெப ஆலயத்துக்குப் படிகள் அதிகம், உடம்பு தேறும்வரை சந்தைப் பக்கம் இருக்கிற ஜெப வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, காலை ஆறரைக்கெல்லாம் ஜெப வஸ்திரப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எட்டு மணிக்குத் திரும்பி வருவார். மூன்று மாதம் அப்படியே ஓடிற்று.

சில சங்கதிகள் மட்டும் அவளுக்கு இடறின. ரொட்டியைப் பிய்க்கும்போது முன்பெல்லாம் வாய்விட்டு ஆசீர்வாதம் சொல்லுவார், அவள் ஆமென் சொல்லுவாள். இப்போது வாய்க்குள் ஏதோ முனகினார். வெள்ளிக்கிழமை இரவு திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் எடுக்காமல், தொண்டை சரியில்லை என்று மூன்றாம் மாடியில் குடியிருந்த மருமகனை வரவழைத்துச் சொல்லவைத்தார். மேஜைமேல் எப்போதும் விரிந்து கிடக்கும் கனத்த புத்தகங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. அந்த இடத்தில் செய்தித்தாள் வந்தது. எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்தது, எந்த மந்திரி யாரோடு முறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாயிற்று. ஆபரேஷன் பண்ணிக்கொண்ட மனுஷன், மூளைக்கு ஓய்வு வேண்டியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகளைக் கைகழுவ வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, யெருகாம் ஜன்னலோரம் வந்து நின்றார். சின்ன ஜெப ஆலயத்தின் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். யார் எப்போது ஜெபம் நடத்துவது, யார் மெழுகுவர்த்தி வாங்குவது எல்லாம் அவர் கையில். தரையைப் பார்த்தபடியே ஃபிஷெலின் சுகத்தை விசாரித்தார். இப்போது முன்னால் நிற்கிற ஆள் பாதி வார்த்தையை முழுங்கிவிடுகிறார், ஜனங்கள் மேட்டுத் தெருவுக்கே போய்விடுவார்கள் போலிருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. போன வாரம் மூணு நாள் சந்தைப் பக்கத்து ஜெப வீட்டுக்குப் போயிருந்தேன், ஃபிஷெல் ஐயாவைப் பாத்துப் பேசலாம்னு. மூணு நாளும் அவர் அங்க இல்ல. அங்க இருக்கறவங்களைக் கேட்டா, அப்படி ஒருத்தர் வந்ததே இல்லைங்கறாங்க."

ப்ரெய்னாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வேறெங்காவது போவார், நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்று மாலை வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அவர் வாயிலிருந்து பொய் வருவதை அவள் பார்க்க விரும்பவில்லை.

மறுநாள் காலை, உதவிக்கு இருந்த பெண்ணை முன்னதாகவே வரச்சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னாலேயே கிளம்பினாள். அவர் சந்தை வழியாகத்தான் போனார். ஜெப வீட்டின் வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டினார், தலையைத் திருப்பவில்லை. பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னப் பூங்காவில் போய், சைப்ரஸ் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெப வஸ்திரப் பை பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்தார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திடுக்கிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. பேப்பரை மெதுவாக நாலாக மடித்தார்.

"இன்னைக்கு மழை உண்டா?" என்று அவள் கேட்டாள்.

"கிடையாது. வடக்கே மட்டும்தான்."

"எத்தனை நாளா இங்க?"

"வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிரே பூனைகள் குப்பைத் தொட்டியில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரே பேசினார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கண் விழித்ததும் வாய் பழக்கத்தில் ஜெபத்தை எடுத்ததாம். அப்போது வயிற்றில் சூடாக ஏதோ இறங்கியது. கையை வைத்துப் பார்த்தார். நிறுத்தியவர்தான், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கழிப்பறைக்குள் நின்றுகொண்டு ஜெபம் சொல்லக் கூடாது. கழிப்பறை ஒரு இடத்தில் இருந்தால் அதை விட்டு வெளியே வரலாம், கதவைச் சாத்தலாம், நான்கு முழம் தள்ளி நிற்கலாம். "எனக்கு அது கூடவே வருது, ப்ரெய்னா. நான் எங்கேன்னு தள்ளி நிக்கறது? வேதத்தை மனசுல நினைக்கக்கூட கூசுது. அதான் பேப்பர் படிக்கறேன்."

"ரபிகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவர் மடித்த பேப்பரை இன்னொரு தரம் மடித்தார். ப்ரெய்னா விடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஸுஸ்மானுக்கு மூத்திரக் குழாய் போட்டிருந்தார்கள். அவர் வெட்கப்பட்டு ஜெபத்துக்கு வராமல் இருந்தபோது, ஃபிஷெல்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். மூடியிருந்தால், நாற்றம் இல்லாவிட்டால், தாராளமாகச் சொல்லலாம் என்று பக்கத்தைத் திறந்து காட்டி, கையோடு கூட்டிவந்தார். அதை எடுத்துச் சொன்னாள்.

"அவருக்குச் சரி, உங்களுக்குத் தப்பா?"

"அவர் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தார். நான் எல்லாருக்கும் முன்னாடி வேதச் சுருள் இருக்கற பேழைகிட்ட நிக்கணும். நாப்பது பேரோட ஜெபத்தை என் வாயால தூக்கிக்கிட்டுப் போகணும், இதையும் கட்டிக்கிட்டு." வயிற்றைத் தொடாமல் கையால் காட்டினார். "கேட்டா ரபி கூடாதுன்னு சொல்லிட்டா, அதோட முடிஞ்சுது. சரின்னு சொன்னா, பாவம்னு இரக்கப்பட்டுச் சொல்றார்னு நான் நினைச்சுக்குவேன். கேக்காம இருந்தா, ரெண்டும் இல்ல."

"ரெண்டும் இல்லாம பூனையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேட்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. நானே போய்க் கேட்கிறேன் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படித் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே ரபி எலியாகிம் வீட்டுக்குப் போனாள். சட்டக் கேள்வியோடு வருகிறவர்களுக்காக அவர் நாலு மணியிலிருந்து கதவைத் திறந்து வைத்திருப்பார். முன்னறையில், சட்டப்படி சாப்பிடலாமா என்று கேட்கக் கோழியின் ஈரலைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு ஒருத்தி, ஏதோ சீட்டுப் பிடித்துக்கொண்டு ஒருவர், பிறகு இவள். முறை வந்தது. ரபியின் பேத்திகள் இரண்டு பேர் அவளிடம்தான் படித்தார்கள். அதனால் அவருக்கு அவளைத் தெரியும்.

அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். பை, பூங்கா, பேப்பர், எல்லாம். ரபி குறுக்கே பேசாமல் கேட்டார். தாடியை வருடவில்லை, புத்தகத்தையும் எடுக்கவில்லை. முடிந்ததும் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"பை சட்டைக்குள்ள மூடியிருக்கா?"

"பைக்கு மேல துணி உறை. அதுக்கு மேல உள்சட்டை, சட்டை, கோட்டு."

"நாத்தம்?"

"இல்ல, ரபி."

"யார் சொல்றது?"

"நான் சொல்றேன். பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன், பக்கத்துல படுக்கறேன். வேலை செய்யற இடத்துல பதினஞ்சு அடிக்கு அப்பால எந்தப் புள்ளன்னு பேர் சொல்லுவேன். அவர்கிட்ட வர்றதெல்லாம் சோப்பு வாசனையும், எங்க சமையல்ல வதக்கற வெங்காய வாசனையும்தான்."

ரபி சிரித்தார். அந்த மூக்கின் புகழ் அவர் வீட்டுக்கும் எட்டியிருந்தது. இந்த ஊரில் இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது என்றார். பிறகு முகம் மாறி, நிதானமாகச் சொன்னார்.

"அவருக்கே தெரிஞ்ச சட்டம்தாம்மா இது. என் வயித்துக்குள்ளயும் அதே சரக்குதான் இருக்கு, உன் வயித்துலயும் அதேதான். ஒரு தோலுக்கு உள்ள இருக்கறதால நாம சுத்தமா இருக்கோம்னு நினைச்சுக்கறோம். அவருக்கு அந்தத் தோலை இன்னும் ஒரு சாண் நீட்டி வச்சிருக்காங்க. ஜெபத்துக்கு முன்னாடி காலி பண்ணிட்டுப் போகட்டும், மேல மூடிக்கட்டும். நடுவுல இறங்கறது தெரிஞ்சா நின்னு, அடங்கினதும் விட்ட இடத்துலேர்ந்து சொல்லட்டும். பின் பெஞ்சோ பேழை முன்னாடியோ, சட்டம் ஒண்ணுதான். இது இரக்கம் இல்ல. கூடாதுன்னா கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் நன்றி சொல்லி எழுந்தாள். வாசல்வரை போனதும் அவர் கூப்பிட்டார்.

"அவர்கிட்ட நான் ஒண்ணு கேட்டதா சொல்லு. கழிப்பறையை விட்டு வெளிய வந்து சொல்ற ஆசீர்வாதம் இருக்கே, அதை இந்த மூணு மாசமா சொன்னாரான்னு கேளு. உயிர் தப்பினவன் அதை விடலாமா?"

வீட்டுக்கு வந்து பார்லி சூப்பை அடுப்பில் ஏற்றினாள். ஃபிஷெல் கடையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், தட்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லியும் போய்விட்டு வந்தாயே என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் வயிற்றுச் சமாச்சாரம் ஊர்ச் சமாச்சாரம் ஆகிவிட்டது என்றார். சூப்பைப் பாதி குடித்தார். பிறகு, ரபி நாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று விசாரித்தார். சொன்னாள். நிஜமாகவே வராதா, எனக்காகச் சொன்னாயா என்று கேட்டார். சட்ட விஷயத்தில் நான் ரபியிடம் பொய் சொல்லுவேனா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் மீதி சூப்பையும் குடித்தார். கடைசியாகத்தான் அவள் ரபியின் கேள்வியைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். ப்ரெய்னா நாளைய சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கதவு திறந்து, இழுத்துச் சாத்தப்பட்டது. கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் நடையில் நடந்துவந்தார். பாதி வழியில் நின்று திரும்பிக் கதவைப் பார்த்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார்.

மனிதனை ஞானத்தோடு படைத்து, அவனுக்குள் துவாரங்களையும் குழிவுகளையும் வைத்தவரே என்று போகும் அந்த ஆசீர்வாதம். குழந்தைகள் கூட மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அவள் ஒரு நாளைக்கு இருபது தரம் அதைச் சொல்லிக்கொடுக்கிறவள். அவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ, ஒன்று அடைத்துக்கொண்டாலோ, உமது முன்னிலையில் ஒரு நாழிகையும் நிற்க முடியாது என்கிற இடம் வந்தது. ஃபிஷெலின் குரல் அங்கே இடறியது. அடைத்துக்கொண்டதும் நடந்தது. திறந்ததும் நடந்தது. அதற்குப் பிறகும் இரண்டு காலில் நடையில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் அந்த வரியைத் திரும்ப ஒரு தரம் எடுக்கவில்லை, அப்படி எடுக்கிற வழக்கமில்லை. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லா உடலையும் குணமாக்கி அற்புதங்களைச் செய்கிறவர் என்பதுவரை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து முடித்தார்.

"ஆமென்," என்றாள் ப்ரெய்னா. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் கையிலேயே இருந்ததால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் சந்தைப் பக்கம் போகவில்லை. சின்ன ஜெப ஆலயத்தின் படிகளில் ஏறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அன்று சாயங்காலம் திராட்சை ரசக் கிண்ணத்தைத் தானே எடுத்தார். மருமகன் தன் பாட்டுக்கு எழுந்து நின்று ஆமென் சொன்னான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

ஓய்வுநாள் காலையில் யெருகாம் பெஞ்சு பெஞ்சாக வந்து ஃபிஷெலின் தோளைத் தட்டினார். மாடியில் பெண்கள் பகுதித் திரைச்சீலையின் இடுக்கு வழியாக ப்ரெய்னா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேண்டாம் என்று கையாட்டினார். யெருகாம் ஏதோ சொன்னார். மறுபடி கையாட்டினார். யெருகாம் நகராமல் அங்கேயே நின்றார். கடைசியில் ஃபிஷெல் எழுந்து, ஜெப வஸ்திரத்தைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பேழைக்கு முன்னால் போய் நின்றார். மாடியில் பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. நாலு வரி போனதும் சரியாயிற்று. எல்லோரும் நின்று மௌனமாகச் சொல்ல வேண்டிய ஜெபம் வந்தது. ஆட்கள் மூன்று எட்டு முன்னால் வைத்துக் கால்களைச் சேர்த்து நின்றார்கள். நாற்பது பேர் உதடு மட்டும் அசைய நிற்கிற அந்த நேரத்தில், ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அப்படி இருந்தது. அந்த மௌனத்தில்தான் ஃபிஷெலின் பை சத்தம் போட்டது.

சின்னச் சத்தம் இல்லை. சட்டியில் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளுவதுபோல், நீளமாக, இரண்டு தவணையாக வந்தது. பழைய வழியாக இருந்தால் மனுஷன் அடக்கிக்கொள்ளலாம். இதற்கு அடக்கம் கிடையாது, தன் பாட்டுக்கு வரும். மாடியில் ப்ரெய்னாவின் கை திரைச்சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கீழே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அது அசையாமல் நின்றது. இரண்டாவது வரிசையில் யாரோ ஒருவர் இருமினார். இருமல் இல்லாத இருமல். உடனே இன்னொருவர் இருமினார். யெருகாம் இருந்த இடத்திலிருந்தே காலால் பெஞ்சைத் தள்ளினார், அது கல் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. பிறகு மறுபடி அமைதி.

ஃபிஷெல் நின்றுகொண்டே இருந்தார். ப்ரெய்னா எண்ணினாள். பதினைந்து, இருபது. திரும்பி நடந்து வாசலுக்கு வந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பட்டது. அப்போது ஜெப வஸ்திரத்தின் விளிம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. விட்ட இடத்திலிருந்து எடுத்துவிட்டார். அது முடிந்ததும் எல்லோருக்காகவும் அதை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னார். மேட்டுத் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் கூட ஆமெனை இழுத்துச் சொன்னார்கள்.

ஜெபம் கலைந்ததும் பக்கத்து அறையில் ஹெர்ரிங் மீனும், மிளகு போட்டு வேகவைத்த சேமியாப் பணியாரமும் வைத்திருந்தார்கள். ஆண்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நின்றிருந்த ப்ரெய்னாவுக்கு அங்கே பேசுவது கேட்டது.

"எல்லாருக்கும் கேட்டிருக்கும்," என்றார் ஃபிஷெல். தாழ்ந்த குரல்தான்.

யெருகாம் வாயிலிருந்த மீனை மென்று முடித்தார். "கேட்டுது. மூணு மாசமா வார்த்தையை முழுங்கற ஆளைக் கேட்டுக்கிட்டு இருந்தோம். இதுவாவது தெளிவா கேட்டுது."

ஃபிஷெல் முதலில் சிரித்தார். பிறகு மேஜையே குலுங்கியது. வேறு யாரோ, அடுத்த ஓய்வுநாளும் நீர்தானே என்று கேட்டார். அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி இன்னொரு துண்டு பணியாரம் கேட்டார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது வெயில் ஏறியிருந்தது. அந்த இருபது எண்ணிக்கையில் என்ன செய்தீர்கள் என்று ப்ரெய்னா கேட்டாள். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு, இப்படி நேரும்போது சொல்லிக்கொள்ள முன்னோர்கள் ஒரு சின்ன மன்றாட்டு எழுதி வைத்திருப்பது ஞாபகம் வந்ததாம். எங்களைத் துவாரங்களோடு படைத்தவர் நீர்தானே, எங்கள் வெட்கமும் அவமானமும் உமக்குத் தெரியாததா என்று. சின்ன வயசில் அதைப் படித்தபோது பையன்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம், எதற்காக எழுதி வைத்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்.

"நாத்தம் வந்துதா? மாடிவரைக்கும்?" என்று கேட்டார்.

"எனக்கு முன்னாடி நின்ன பொம்பளை பூசியிருந்த சென்ட்டுதான் வந்தது. தலைவலி வந்துடுச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று விசாரித்தார். ராத்திரியெல்லாம் அடுப்பிலேயே இருந்த பயறும் கறியும் என்றாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்தார். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு தரம் கூடக் காலி செய்ய வேண்டியதுதான், ஒரு ஆசீர்வாதம் கூடக் கிடைக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு, வீட்டுப் படிகளில் அவளுக்கு முன்னால் ஏறினார்.